பெரம்பலூர், அரியலூர் மாவட்டங்களில் வேளாண் காடு வளர்ப்பு

வேளாண் காடு வளர்ப்பு என்பது ஒரே நிலத்தில் பயிரையும் மரத்தையும், பல இடங்களில் கால்நடையையும் சேர்த்து வளர்க்கும் முறையாகும். வரப்போரத்தில் நிற்கும் பனையும் வேம்பும், இளம் முந்திரிக்கு இடையே விதைக்கும் கடலையும், ஆடு மேயும் வேலங்காடும் இதில் அடங்கும். காலநிலை மாற்றத்தை உழவு தாங்கி நிற்பதற்கான வழிகளில் ஒன்றாக இன்று அரசும் அறிவியலாளர்களும் இதை முன்வைக்கின்றனர்.

பெரம்பலூர், அரியலூர் பகுதியில் மரம் வயலுக்குப் புதியது அன்று. முன்பு அது வயலிலேயே இருந்தது. பின்னர் வயலை விட்டு வெளியேறியது. இடைக்காலத்தில் பயிரை விலக்கிவிட்டுத் தனித்தோப்பாக வந்தது. இப்போது மீண்டும் வயலுக்கு அழைக்கப்படுகிறது. இந்த ஒவ்வொரு கட்டத்திலும் மழையைப் போலவே வேறு மூன்று கேள்விகளும் மரத்தின் இடத்தைத் தீர்மானித்துள்ளன: மரம் யாருக்குச் சொந்தம், வெட்டும் உரிமை யாருக்கு, விளையும் வரை காத்திருக்க யாரால் முடியும்.

நிலமும் மழையும்

இரு மாவட்டங்களும் பழைய திருச்சிராப்பள்ளி மாவட்டத்தின் பகுதிகள். 1995 ஆம் ஆண்டு பெரம்பலூர் தனி மாவட்டமாயிற்று. அதிலிருந்து 2001 ஆம் ஆண்டு அரியலூர் பிரிந்து, 2002 இல் மீண்டும் பெரம்பலூருடன் இணைக்கப்பட்டு, 2007 நவம்பரில் மறுபடியும் தனி மாவட்டமாக அமைந்தது. மேற்கே பச்சைமலை, வடக்கே வெள்ளாறு, தெற்கே கொள்ளிடம் ஆகியவை இப்பகுதியின் எல்லைகளை ஒட்டி உள்ளன. நடுவே மருதையாறு ஓடுகிறது.

கொள்ளிடக் கரையை ஒட்டிய திருமானூர் வட்டாரம் போன்ற பகுதிகளில் நெல் விளைகிறது. மற்றபடி பெரும்பாலான நிலம் மானாவாரி. பெரம்பலூர்ப் பக்கம் கரிசல் மண் மிகுதி. பருத்தி, மக்காச்சோளம், சின்ன வெங்காயம் ஆகியவை அங்கு முதன்மைப் பயிர்கள். செந்துறை, ஆண்டிமடம், ஜெயங்கொண்டம் பக்கம் செம்மண் மிகுதி. அங்கு முந்திரியும் கடலையும் முதன்மை பெறுகின்றன.

ஆண்டு மழை 900 மில்லி மீட்டர் அளவை ஒட்டியே இருக்கிறது. வறண்ட பகுதி என்று சொல்லும் அளவுக்கு இது குறைந்த மழை அன்று. அதில் பெரும்பங்கு வடகிழக்குப் பருவத்தின் சில வாரங்களில், சில நாள்களில் கொட்டித் தீர்ந்துவிடுவதே சிக்கல். 1956 நவம்பர் 23 அன்று பெருமழையால் மருதையாற்றில் வெள்ளம் வந்து அரியலூர் அருகே ரயில் பாலம் சேதமடைந்தது. தூத்துக்குடி விரைவு வண்டி ஆற்றில் கவிழ்ந்து ஏறத்தாழ 150 பேர் இறந்தனர். அதன்பின் ரயில்வே அமைச்சர் லால் பகதூர் சாஸ்திரி பதவி விலகினார். ஆண்டின் பல மாதங்கள் வறண்டு கிடக்கும் ஓர் ஆறு ஓர் இரவில் என்ன செய்யக்கூடும் என்பதை அந்த நிகழ்வு நாட்டுக்குக் காட்டியது.

இத்தகைய மழை வெற்று மண்ணில் விழுந்தால் மண்ணை அறுத்துச் செல்லும். காரை, கொளக்காநத்தம் பகுதிகளில் மழைநீர் களிமண்ணை ஓடை ஓடையாக அறுத்து வைத்திருக்கும் நிலக்காட்சியை இன்றும் காணலாம்.

மண்ணுக்கு அடியில் ஒரு பழைய கடல்

இப்பகுதி கிரீத்தேசியக் காலத்தில் கடலாக இருந்தது. எச். எப். பிளான்போர்டு 1860களில் இங்குள்ள பாறைகளை ஆராய்ந்து ஊட்டத்தூர், திருச்சிராப்பள்ளி, அரியலூர் என மூன்று தொகுதிகளாகப் பிரித்தார். பெரம்பலூர் மாவட்டம் சாத்தனூரில் ஏறத்தாழ 12 கோடி ஆண்டுகளுக்கு முற்பட்ட, 18 மீட்டர் நீளமுள்ள கல்மரம் கிடக்கிறது. இதை 1940 ஆம் ஆண்டு புவியியலாளர் எம். எஸ். கிருஷ்ணன் கண்டறிந்தார்.

அந்தக் கடல் விட்டுச்சென்ற சுண்ணாம்புக்கல்லே அரியலூரைச் சிமென்ட் மாவட்டமாக்கியது. காலநிலை மாற்றத்தைப் பற்றிய பேச்சில் இந்தச் செய்திக்கு இடம் உண்டு. தூய சுண்ணாம்புக்கல் ஒரு டன் சுடப்படும்போது, எரிபொருளின் புகையைச் சேர்க்காமலேயே 440 கிலோ கரியமில வாயு வெளியேறுகிறது. உலர்ந்த மரத்தில் ஏறத்தாழப் பாதி எடை கார்பன் ஆகும். ஆகவே அந்த 440 கிலோ வாயுவை மீண்டும் பிடித்து வைக்க உலர் எடையில் கால் டன் அளவு மரம் வளர வேண்டும். இங்குள்ள ஆலைகள் ஆண்டுதோறும் சுடும் கல்லோ லட்சக்கணக்கான டன். வரப்பு மரங்கள் இந்தக் கணக்கை நேர் செய்துவிடும் என்று எதிர்பார்க்க முடியாது. உழவருக்கு மரத்தால் கிடைக்கும் முதற்பயன் வேறு இடத்தில் இருக்கிறது: வெயிலும் காற்றும் மழைப்பொய்ப்பும் வரும்போது நிலத்தையும் குடும்பத்தையும் தாங்குவதே அது.

காடு அரணாக இருந்த காலம்

முதலாம் இராசேந்திரன் கங்கைகொண்ட சோழபுரத்தைத் தலைநகராக்கியபோது சோழகங்கம் என்னும் பேரேரியை வெட்டுவித்தான். இன்று அது பொன்னேரி எனப்படுகிறது. காலப்போக்கில் கரைகள் உடைந்து ஏரி தூர்ந்தது. அதன் உட்பகுதியைக் காடு மூடிக்கிடந்ததை 19 ஆம் நூற்றாண்டுப் பதிவுகள் குறிப்பிடுகின்றன. தேக்கிய நீர் போனபின் அந்த வட்டாரத்து உழவு வானத்தை நம்பி நின்றது.

18 ஆம் நூற்றாண்டில் அரியலூர் மழவராயர்களும் உடையார்பாளையம் உடையார்களும் பாளையக்காரர்களாக இருந்தனர். தமிழகத்துப் பாளையங்கள் பலவற்றுக்குக் கோட்டைச் சுவரைப் போலவே முட்காடும் அரணாக இருந்தது. பகைவரின் படையும் வரி தண்டும் ஆட்களும் எளிதில் நுழையாதபடி அந்தக் காடு காக்கப்பட்டது. ஊரார் விறகும் தழையும் மேய்ச்சலும் அதிலிருந்தே பெற்றனர். பாளையங்களின் படைபலம் ஒடுக்கப்பட்டு அவை ஜமீன்களாக மாறியபின் காட்டுக்கு இருந்த காவல் பயன் மறைந்தது. விறகாகவும் வருவாயாகவும் அது எண்ணப்படலாயிற்று.

1876 முதல் 1878 வரை சென்னை மாகாணத்தைத் தாக்கிய பெரும் பஞ்சத்துக்குப் பின் காடுகளைப் பற்றிய அரசின் கவலை கூடியது. டீட்ரிக் பிராண்டிஸின் ஆலோசனையைத் தொடர்ந்து 1882 ஆம் ஆண்டு சென்னை வனச் சட்டம் வந்தது. அது அரசுக் காடுகளை எல்லையிட்டுக் காத்தது. வயலில் உள்ள மரத்தைப் பற்றி அதிகம் பேசவில்லை. இந்திய உழவை ஆராய வந்த ஜே. ஏ. வோல்க்கர் 1893 இல் வெளியான தம் அறிக்கையில் வேறொரு கோணத்தை எடுத்தார். விறகு இல்லாததால்தான் சாணம் அடுப்புக்குப் போகிறது. ஊருக்கு அருகில் விறகு மரம் வளர்த்தால் சாணம் வயலுக்கு எருவாகத் திரும்பும் என்பது அவர் வாதம். மரத்தையும் பயிரையும் ஒரே கணக்கில் வைத்துப் பார்த்த தொடக்ககால அரசு ஆவணங்களில் இதுவும் ஒன்று.

புன்செய்க் காட்டில் நின்ற மரங்கள்

இப்பகுதியில் மானாவாரி நிலத்தையே ‘காடு’ என்று சொல்லும் வழக்கம் உண்டு. ‘காட்டுக்குப் போகிறேன்’ என்றால் வயலுக்குப் போவது என்றே பொருள். அந்தச் சொல்லுக்கு ஏற்ப அந்த நிலங்களில் மரங்களும் இருந்தன. எந்தத் துறையும் திட்டமிட்டு நட்டவை அல்ல அவை. தானாக முளைத்ததை உழவர் விட்டுவைத்தார். ஏருக்கு இடைஞ்சலானதைக் களைந்தார்.

வேம்பு நிழலுக்கும் வேப்பங்கொட்டைக்கும் நின்றது. கொட்டையிலிருந்து எண்ணெயும், பயிருக்குப் புண்ணாக்கும் கிடைத்தன. பனை வரப்பில் அதிக இடம் பிடிக்காமல் நின்று ஓலை, நுங்கு, உத்திரம் தந்தது. வெள்வேல் மரத்தின் காய் கோடையில் ஆட்டுக்குத் தீனியாயிற்று. கருவேலின் கட்டை ஏருக்கும் வண்டிக்கும் பயன்பட்டது. உசிலை, புங்கன், பூவரசு, ஆவாரை, கொழிஞ்சி ஆகியவற்றின் தழை உரமாயிற்று. கிளுவையும் நொச்சியும் உயிர்வேலியாயின. அறுவடை முடிந்த நிலத்தில் ஆட்டுக்கிடை போட்டு எரு சேர்ப்பதும் இதே ஏற்பாட்டின் ஒரு பகுதி.

கொங்கு நாட்டின் காங்கேயம் பகுதியில் இதையொத்த முறை ‘கொறங்காடு’ என்ற பெயரில் இன்றும் உள்ளது. வெள்வேல் மரம், கொழுக்கட்டைப் புல், கிளுவை வேலி ஆகிய மூன்றும் சேர்ந்து மாட்டுக்கும் ஆட்டுக்கும் மேய்ச்சல் தருகின்றன. பெரம்பலூர், அரியலூர்ப் புன்செய்களில் அவ்வளவு கட்டுக்கோப்பான அமைப்பு இல்லாவிட்டாலும் அடிப்படை ஒன்றே. மழை தவறிய ஆண்டில் பயிர் போகும், ஆனால் மரம் எதையாவது தரும்.

மரம் வயலை விட்டு நீங்கியது

1948 ஆம் ஆண்டு ஜமீன் ஒழிப்புச் சட்டம் வந்தது. நிலம் கைவிட்டுப் போகும் முன் ஜமீன்தார்கள் தம் காடுகளை அவசரமாக வெட்டி விற்பதைத் தடுக்க, சென்னை மாகாணம் தனியார் காடுகள் பாதுகாப்புச் சட்டத்தையும் 1949 இல் இயற்ற வேண்டியிருந்தது. உரிமை உறுதியில்லாத இடத்தில் மரம் நிற்காது என்ற உண்மையை இச்சட்டத்தின் பின்னணியே சொல்கிறது.

அடுத்த சில பத்தாண்டுகளில் மாற்றங்கள் ஒன்றன்பின் ஒன்றாக வந்தன. மின் மோட்டார் வந்ததும் கிணற்றுப் பாசனம் பெருகியது. உரக்கடை வந்ததும் தழைக்குத் தேவை குறைந்தது. இரும்புக் கலப்பையும் டயர் வண்டியும் வந்ததும் கருவேலங்கட்டைக்கு மதிப்பு குறைந்தது. டிராக்டர் திரும்புவதற்கு மரம் இடைஞ்சலாயிற்று. பாகப்பிரிவினையில் நிலம் துண்டானபோது, வரப்பில் நின்ற மரம் அண்ணன் தம்பிக்கு இடையே வழக்குக்குக் காரணமாயிற்று. ‘நிழல் என் பயிரில் விழுகிறது’ என்பது ஊர்ப் பஞ்சாயத்துகளில் புதிய புகாரன்று.

சந்தையும் இதே திசையில் தள்ளியது. நாமக்கல்லின் கோழிப்பண்ணைகள் மக்காச்சோளத்தை வாங்கின. 2002 ஆம் ஆண்டு பி.டி. பருத்திக்கு இந்தியாவில் அனுமதி கிடைத்தபின் பருத்தி நிலங்களில் விதையும் மருந்தும் கடையிலிருந்தே வந்தன. கரிசல் நிலம் முழுவதும் ஒரே பயிராக, ஒரே நேரத்தில் விதைத்து ஒரே நேரத்தில் அறுக்கும் நிலமாக மாறியது. வரவு கூடிய ஆண்டுகள் இருந்தன. ஆனால் பயிர் போனால் கைகொடுக்க நிலத்தில் வேறு எதுவும் இல்லாத நிலையும் வந்தது. விட்டுவைத்த இடங்களில் சீமைக்கருவேலம் புகுந்தது.

முந்திரியும் தைலமரமும்

மரம் வயலை விட்டு நீங்கிய அதே காலத்தில், வேறு வடிவில் மரம் திரும்பியும் வந்தது. போர்த்துக்கீசியர் 16 ஆம் நூற்றாண்டில் பிரேசிலிலிருந்து இந்தியாவின் மேற்குக் கரைக்குக் கொண்டுவந்த முந்திரி, பின்னர் கடலூர், அரியலூர் செம்மண் நிலங்களில் பரவியது. அருகிலுள்ள விருத்தாச்சலம் ஆராய்ச்சி நிலையம் வெளியிட்ட ரகங்கள் இப்பரவலுக்குத் துணை செய்தன. முந்திரி இளமரமாக இருக்கும் முதல் சில ஆண்டுகளில் இடையே கடலை, உளுந்து, தட்டைப்பயறு விதைப்பது வழக்கம். நிழல் மூடியதும் ஊடுபயிர் நின்றுவிடும். எனவே முந்திரிக்கொல்லை தன் இளமையில் வேளாண் காடாகவும் முதுமையில் தோப்பாகவும் இருக்கிறது.

தைலமரம் எனப்படும் யூக்கலிப்டஸின் கதை வேறு. 1974 ஆம் ஆண்டு தமிழ்நாடு வனத்தோட்டக் கழகம் திருச்சிராப்பள்ளியைத் தலைமையிடமாகக் கொண்டு தொடங்கப்பட்டது. தைலமரமும் முந்திரியும் அதன் முதன்மை மரங்கள். காகித ஆலைகளின் தேவை பெருகியபோது உழவர்களும் பட்டா நிலத்தில் தைலமரமும் சவுக்கும் நட்டனர். கூலியாள் கிடைக்காத நிலத்துக்கும், வெளியூரில் வாழும் நில உரிமையாளருக்கும் இது வசதியாக இருந்தது. நட்டுவிட்டால் சில ஆண்டுகளில் வெட்டலாம். வெட்டிய அடியிலிருந்து மீண்டும் துளிர்க்கும்.

இங்கே மரம் பயிருக்குத் துணையாக வரவில்லை. பயிரின் இடத்தையே எடுத்துக்கொண்டது. நிலத்தில் வேலை செய்தவர்களுக்கு, குறிப்பாகக் களையெடுப்பு, அறுப்பு வேலைக்குப் போன பெண்களுக்கு, நாள்கூலி குறைந்தது. நிலத்தடி நீரை அது உறிஞ்சுகிறது என்ற குற்றச்சாட்டும் எழுந்தது. தெற்கே புதுக்கோட்டை மாவட்டத்தில் தைலமரத் தோட்டங்களுக்கு எதிராகப் போராட்டங்கள் நடந்துள்ளன. கர்நாடகத்தின் கோலார் மாவட்டத்தில் கேழ்வரகு நிலங்கள் தைலமரத் தோப்புகளானது 1980களில் நாடு முழுவதும் விவாதமாயிற்று; பின்னாளில் அம்மாநில அரசு புதிதாகத் தைலமரம் நடுவதற்கே தடை விதித்தது. பசுமைப் பரப்பு கூடுவதும் உழவு பிழைப்பதும் எப்போதும் ஒன்றல்ல என்பதற்கு இவை சான்றுகள்.

சமூகக் காடுகள்

1976 ஆம் ஆண்டு தேசிய வேளாண் ஆணையம் சமூகக் காடுகளைப் பரிந்துரைத்தது. விறகும் தீவனமும் ஊருக்கு அருகிலேயே கிடைத்தால் இயற்கைக் காடுகள் தப்பும் என்பது இதன் நோக்கம். தமிழ்நாட்டில் 1981 முதல் சுவீடன் நாட்டு உதவியுடன் சமூகக் காடுத் திட்டம் நடைபெற்றது. ஏரி உட்பகுதிகளிலும் புறம்போக்குகளிலும் கருவேலம் நடப்பட்டது. விற்பனை வருவாயில் ஊராட்சிக்குப் பங்கு கிடைத்தது.

ஏரிக் கருவேலங்காடுகள் பறவைகளுக்கு இடமளித்தன. இந்த வட்டாரத்தின் நீர்நிலைகள் வலசைப் பறவைகளுக்கு எவ்வளவு முக்கியம் என்பதை அரியலூர் மாவட்டத்தின் கரைவெட்டி காட்டுகிறது. அது பின்னர் பறவைகள் காப்பகமாக அறிவிக்கப்பட்டு 2024 இல் ராம்சார் நிலமாகவும் ஏற்கப்பட்டது. ஆனால் சமூகக் காட்டு மரம் ஊரின் பொது நிலத்தில், துறையின் பொறுப்பில் நின்றது. வெட்டும் நாளைத் துறை முடிவு செய்தது. ஏலம் எடுத்தவர் வெட்டிச் சென்றார். உழவரின் சொந்த வயலுக்கு மரம் திரும்புவதற்கு இத்திட்டம் போதுமானதாக இல்லை.

ஒரு துறை உருவான வரலாறு

உழவர்கள் நெடுங்காலமாகச் செய்துவந்ததற்குத் தனிப் பெயரும் தனித் துறையும் 1970களின் இறுதியிலேயே வந்தன. கனடாவின் பன்னாட்டு வளர்ச்சி ஆராய்ச்சி மையத்துக்காக ஜான் பெனே தலைமையில் தயாரான அறிக்கை 1977 இல் வெளிவந்தது. அதன் பயனாக உலக வேளாண் காடு ஆராய்ச்சி மையம் தோன்றி நைரோபியைத் தலைமையிடமாகக் கொண்டது. இந்தியாவில் 1983 இல் அனைத்திந்திய ஒருங்கிணைந்த ஆராய்ச்சித் திட்டமும், 1988 இல் ஜான்சியில் தேசிய ஆராய்ச்சி மையமும் தொடங்கப்பட்டன. தமிழ்நாட்டில் மேட்டுப்பாளையத்திலுள்ள வனக் கல்லூரியும் கோயம்புத்தூரிலுள்ள வன மரபியல் நிறுவனமும் மலைவேம்பு, சவுக்கு, குமிழ் போன்ற மரங்களில் ஆராய்ச்சி செய்தன.

1988 ஆம் ஆண்டின் தேசிய வனக் கொள்கை, ஆலைகள் தமக்கு வேண்டிய மரத்தை உழவரோடு நேரடித் தொடர்பு வைத்துப் பெற வேண்டும் என்றது. தமிழ்நாடு செய்தித்தாள் காகித நிறுவனம் 2004-05 முதல் உழவர் நிலங்களில் மரத்தோட்டத் திட்டத்தை நடத்தி வருகிறது. 2014 பிப்ரவரியில் டெல்லியில் நடந்த உலக வேளாண் காடு மாநாட்டின்போது இந்தியா தேசிய வேளாண் காடு வளர்ப்புக் கொள்கையை வெளியிட்டது. இதற்கெனத் தனிக் கொள்கை வகுத்த முதல் நாடு இந்தியாவே. 2016-17 இல் இதற்கான துணை இயக்கம் தொடங்கியது. ‘ஒவ்வொரு வரப்பிலும் ஒரு மரம்’ என்பது அதன் முழக்கம்.

மாறிய காலநிலை

கொள்கை எழுதப்பட்ட அதே காலத்தில் வானிலை தன் பாடத்தை நடத்தியது. 2011 டிசம்பர் 30 அன்று கரையைக் கடந்த தானே புயல், அண்டை மாவட்டமான கடலூரின் முந்திரித் தோப்புகளையும் பலா மரங்களையும் வேரோடு சாய்த்தது. ஒரே வயது, ஒரே வகை மரங்களைக் கொண்ட தோப்பும் ஒரே பயிர் வயலைப் போலவே ஒரு நாளில் அழியக்கூடும் என்பதை அது உணர்த்தியது.

2015 இல் வடகிழக்குப் பருவமழை தமிழ்நாட்டில் இயல்பைவிடப் பாதி அளவு கூடுதலாகப் பெய்தது. அடுத்த ஆண்டே, 2016 இல், அது இயல்பைவிட 62 விழுக்காடு குறைந்தது. 2017 ஜனவரியில் மாநிலம் முழுவதும் வறட்சி பாதித்ததாக அறிவிக்கப்பட்டது. ஓர் ஆண்டு வெள்ளம், மறு ஆண்டு வறட்சி என்னும் இந்த ஏற்ற இறக்கமே மானாவாரி உழவருக்குக் காலநிலை மாற்றத்தின் நேரடி முகம். பட்டம் பார்த்து விதைக்கும் அறிவு தடுமாறுகிறது. முந்திரி பூக்கும் தை, மாசியில் பருவம் தவறிய மழையும் மூடுபனியும் வந்தால் பூ கருகுகிறது. தேயிலைக் கொசுவின் தாக்குதல் கூடுகிறது.

2018 இல் அமெரிக்கப் படைப்புழு இந்தியாவுக்குள் நுழைந்தது. ஒரே பயிராக மக்காச்சோளம் பரந்து கிடந்த பெரம்பலூர், அரியலூர் நிலங்களை அது கடுமையாகத் தாக்கியது. இதற்கு மரம் நேரடி மருந்தல்ல. ஆனால் ஒரு பயிரை மட்டும் நம்பியிருப்பதன் ஆபத்தை அந்தப் பருவம் தெளிவாக்கியது.

மரம் என்ன செய்யும், என்ன செய்யாது

வரப்பில் நிற்கும் மரவரிசை காற்றின் வேகத்தைக் குறைக்கிறது. அதனால் மண்ணிலிருந்தும் இலையிலிருந்தும் நீர் ஆவியாவது குறையும். உதிரும் சருகு மண்ணில் மட்கிச் சேர்ந்து ஈரம் காக்கிறது. வேர் மண்ணைப் பிடித்து, கொட்டும் மழையில் அரிப்பைத் தடுக்கிறது. ஆழமாகச் செல்லும் வேர் பயிருக்கு எட்டாத நீரையும் சத்தையும் மேலே கொண்டுவருகிறது. கோடையில் ஆட்டுக்கும் மாட்டுக்கும் தழை கிடைக்கிறது. பயிர் பொய்த்த ஆண்டில் கல்யாணச் செலவுக்கோ மருத்துவச் செலவுக்கோ விற்கக்கூடிய சேமிப்பாகவும் மரம் நிற்கிறது.

மறுபக்கமும் உண்டு. மரத்தை ஒட்டிய சில அடி தூரத்துக்குப் பயிர் சோம்பி நிற்கும். நீர் குறைந்த ஆண்டில் மரமும் பயிரும் ஒரே ஈரத்துக்குப் போட்டியிடும். கிளை கழிப்பதும், மரத்துக்கும் பயிருக்கும் இடையே சிறு பள்ளம் வெட்டி வேரைத் தடுப்பதும் இப்போட்டியைக் குறைக்கும் வழிகள்.

மண்ணுக்கு ஏற்ற மரம் என்பது இப்பகுதியில் மிக முக்கியம். கரிசல் மண் கோடையில் வெடித்து இளவேரை அறுத்துவிடும்; மழையில் நீர் தேங்கும். வேம்பு, வெள்வேல், கருவேல், புங்கன் போன்றவை இதைத் தாங்கும். வடிகால் உள்ள செம்மண்ணில் முந்திரி, மா, பலா, செம்மரம், தேக்கு ஆகியவற்றுக்கு வாய்ப்பு அதிகம். நாற்றங்காலில் எது இருக்கிறதோ அதை வாங்கிவந்து கரிசலில் நட்டால் இரண்டாம் கோடையில் குழி மட்டுமே மிஞ்சும்.

அண்மைத் திட்டங்கள்

தமிழ்நாடு அரசு 2021-22 முதல் வேளாண் துறை வழியாக நீடித்த பசுமைப் போர்வைக்கான இயக்கத்தை நடத்துகிறது. இதன்படி வரப்பில் நட ஏக்கருக்கு 50 கன்றுகளும், வயலுக்குள் நட ஏக்கருக்கு 160 கன்றுகளும் வழங்கப்படுகின்றன. சதுரமான ஓர் ஏக்கரின் நான்கு வரப்பிலும் 50 கன்று நட்டால் ஏறத்தாழ 5 மீட்டருக்கு ஒன்று வரும். 160 கன்று என்றால் 5 மீட்டருக்கு 5 மீட்டர் இடைவெளி. முதல் முறையில் பயிர் கடைசிவரை தொடரலாம். இரண்டாம் முறையில் நிழல் படரும் வரையே ஊடுபயிர் எடுக்க முடியும். 2022 செப்டம்பரில் பசுமைத் தமிழ்நாடு இயக்கமும் தொடங்கப்பட்டது. மாநிலப் பரப்பில் 33 விழுக்காட்டை மரப்போர்வையின் கீழ் கொண்டுவருவது இதன் இலக்கு. மாவட்ட அளவில் வாலிகண்டபுரத்திலும் சோழமாதேவியிலும் வேளாண் அறிவியல் மையங்கள் உள்ளன.

கன்று நடப்பட்ட பிறகே உண்மையான சோதனை தொடங்குகிறது. அறுவடை முடிந்ததும் ஆடு மாடுகள் தடையின்றி மேயும் வழக்கம் மானாவாரிப் பகுதியில் உண்டு. வேலியில்லாத கன்று அந்தக் கோடையைத் தாண்டுவது அரிது. மேய்ச்சலை நம்பி வாழும் குடும்பங்களைக் குறை கூறி இச்சிக்கல் தீராது. முள் வேலி, உயிர்வேலி, ஊர் ஒப்பந்தம் ஆகியவற்றால்தான் கன்றும் ஆடும் ஒரே ஊரில் பிழைக்க முடியும்.

யாருடைய மரம்

மரத்தின் சட்டநிலை உழவரின் முடிவைப் பெரிதும் பாதிக்கிறது. நெடுங்காலம் சந்தனம் யார் நிலத்தில் முளைத்தாலும் அரசுடையதாகக் கருதப்பட்டது. எனவே கன்றைக் கண்டாலே பிடுங்கி எறிந்தவர் பலர். பட்டா நிலச் சந்தன மரங்களுக்கான விதிகள் 2008 இல் வந்தபின்னரும் வெட்டவும் விற்கவும் வனத்துறையின் அனுமதி தேவை. மரத்தைக் காக்க வந்த கட்டுப்பாடே மரம் நடும் விருப்பத்தைக் குறைத்த கதை இது. வெட்டுதல், எடுத்துச்செல்லுதல் ஆகியவற்றுக்கான விதிகளை எளிதாக்க வேண்டும் என்று 2014 ஆம் ஆண்டுக் கொள்கை வலியுறுத்தியதற்கு இத்தகைய அனுபவங்களே காரணம்.

குத்தகை உழவரின் நிலை இன்னும் கடினம். ஆண்டுக் குத்தகைக்கு எடுத்த நிலத்தில் இருபது ஆண்டு தேக்கை அவர் நட முடியாது. நட்டாலும் மரம் நில உரிமையாளருக்கே போகும். வாய்மொழிக் குத்தகையில் மரம் நடுவதை உரிமை கோரும் முயற்சியாக உரிமையாளரும் ஐயுறுவார். இரண்டு ஏக்கர் உள்ள சிறு உழவருக்கோ காத்திருப்பதே பெரும் செலவு. சவுக்கு மூன்று நான்கு ஆண்டிலும் மலைவேம்பு ஆறேழு ஆண்டிலும் பணமாகலாம். செம்மரமும் தேக்கும் அடுத்த தலைமுறைக்கே பயன் தரும். அதனால் வரப்பில் சில நெடுங்கால மரங்கள், சில குறுங்கால மரங்கள், ஆட்டுக்குத் தழை தரும் அகத்தி, கிளைரிசிடியா, நடுவே வழக்கமான பயிர் என்னும் கலப்பே சிறு நிலத்துக்குப் பொருந்துகிறது. பழைய புன்செய்க் காட்டின் அமைப்பும் ஏறக்குறைய இதுவே.

இந்த வட்டாரத்தின் அனுபவத்தில், பாளையக்காரரின் அரணாக இருந்த காடு அரண் தேவையற்றபோது மறைந்தது. ஆலைக்காக நடப்பட்ட தைலமரம் பயிரையும் கூலியையும் இடம்பெயர்த்தது. துறைக்காக நடப்பட்ட கருவேலம் ஏலத்தோடு முடிந்தது. வேம்பும் பனையும் வெள்வேலும் மட்டும், உழவரின் அன்றாடத் தேவையோடு ஒட்டியிருந்த வரை, யாரும் நட்டுத் தராமலேயே நின்றன. வரப்பில் இன்று நடப்படும் கன்று இருபது ஆண்டுக்குப் பின்னும் நிற்குமா என்பது அதை நட்டவருக்கு நடுவில் என்ன கிடைக்கிறது, வெட்டும் நாளில் அது அவருடையதாக இருக்கிறதா என்பவற்றையே பொறுத்திருக்கிறது.